பேக்கன் என்றால் எந்தப் பேக்கன்?

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்குக் குடிபோன முதல் மாதம், அமெரிக்கர் ஒருவர் எழுதிய குறிப்பைப் பார்த்து கார்போனாரா பாஸ்தா செய்யப் போனேன். குறிப்பு எளிமையானதுதான். ஆறு துண்டு பேக்கனை, அதாவது உப்பிட்ட பன்றி இறைச்சியை, வெறும் சட்டியில் போட வேண்டும், எண்ணெய் கூடாது, அதுவே கொழுப்பை விடும், அந்தக் கொழுப்பிலேயே பூண்டை வதக்க வேண்டும். தெருமுனைக் கடையில் 'பேக்கன்' என்று போட்டிருந்த பொட்டலத்தை வாங்கி வந்து அப்படியே செய்தேன். கொழுப்பு வரவில்லை. தண்ணீர் வந்தது. அதன் மேல் வெள்ளையாக ஒரு நுரை கட்டியது. தண்ணீர் வற்றியதும் துண்டுகள் சட்டியில் ஒட்டிக்கொண்டு ஓரம் மட்டும் கருக ஆரம்பித்தன. கடைசியில் பூண்டை வதக்க அம்மா கொடுத்தனுப்பிய நல்லெண்ணெய்தான் கைகொடுத்தது. நல்லெண்ணெய் மணக்கும் கார்போனாராவைச் சாப்பிட அன்று வீட்டில் வேறு யாரும் இல்லை, நல்லவேளை.

குறிப்பு எழுதியவர் மேல் தப்பில்லை. கடைக்காரர் மேலும் தப்பில்லை. அவர் ஊரில் பேக்கன் என்றால் பன்றியின் வயிற்றுப் பகுதி, பாதிக்குப் பாதி கொழுப்பு. இவர் ஊரில் பேக்கன் என்றால் முதுகுப் பகுதி, சதையைச் சுற்றி ஒரு விரல்கூட இல்லாத கொழுப்பு. இரண்டு பேருமே அதை வெறும் 'பேக்கன்' என்றுதான் சொல்வார்கள். தங்கள் ஊரில் எது வழக்கமோ அதற்கு யாரும் அடைமொழி போடுவதில்லை. பக்கத்து ஊர்க்காரன் சாப்பிடுவதற்குத்தான் அடைமொழி.

நமக்கு இது புதிதா என்ன? தஞ்சாவூர்ப் பக்கம் அக்கிரகாரத்து வீட்டில் "இன்னிக்கு என்ன கறி?" என்று கேட்டால் வாழைக்காயா கத்தரிக்காயா என்று அர்த்தம். மதுரையில் "கறி எடுத்தாச்சா?" என்றால் ஆட்டுக்கறி, அதில் சந்தேகமே கிடையாது. யாழ்ப்பாணத்தில் மீனும் கறி, பருப்பும் கறி. காய்கறிக்கு மரக்கறி என்று தனிப் பெயர். மூன்று பேரும் பேசுவது ஒரே தமிழ். ஒருவர் வீட்டுச் சமையல் குறிப்பை இன்னொருவர் வீட்டில் செய்து பார்க்கும்போதுதான் சிக்கல் வரும்.

ஆகவே லண்டனுக்கோ டொராண்டோவுக்கோ நியூ ஜெர்சிக்கோ மெல்பர்னுக்கோ போய், குளிர்பதன அலமாரிக்கு முன்னால் நின்று எந்தப் பொட்டலத்தை எடுப்பது என்று முழிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெயரை நம்பி வாங்க வேண்டாம். ஊரில் ஆட்டுக்கறிக் கடையில் நிற்பது போல நில்லுங்கள். அங்கே நாம் "கறி கொடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்பதில்லை. "தொடையில அரைக் கிலோ, நெஞ்செலும்பு கொஞ்சம்" என்று இடத்தைக் காட்டுகிறோம். பேக்கனுக்கும் முதல் கேள்வி அதுதான்: உடம்பில் எந்த இடம்? அடுத்தது, புகை போட்டதா, போடாததா? மூன்றாவது, பச்சையா, ஏற்கெனவே வெந்ததா? இந்த மூன்றும் தெரிந்தால் மேலே என்ன பெயர் ஒட்டியிருந்தாலும் கவலையில்லை.

பேக்கன் என்பது அடிப்படையில் உப்புக்கண்டம்தான். நாம் ஆட்டுக்கறியில் உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவி, நூலில் கோத்து வெயிலில் காயப் போடுகிறோம். ஐரோப்பியர்களுக்கு அப்படி நம்பிக் காயப்போட வெயில் கிடையாது. உப்பைத் தேய்த்து அல்லது உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, வேண்டுமானால் புகையில் தொங்கவிட்டார்கள். கூடவே கொஞ்சம் நைட்ரைட் உப்பு சேர்ப்பார்கள். வெந்த பிறகும் பேக்கன் இளஞ்சிவப்பாகவே இருப்பது அதனால்தான்.

இதில் முதுகும் வயிறும் எப்படிப் பிரிந்தன என்பதற்கு ஒரு கதை உண்டு. பன்றியின் உடம்பில் ஒரு பக்கத்தை அப்படியே எடுத்து உப்பிட்டால் அதற்கு ஆங்கிலத்தில் ஃப்ளிட்ச் என்று பெயர். இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில் டன்மோ என்ற ஊரில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு போட்டி நடக்கும். கல்யாணம் செய்ததற்காக ஒரு வருடமும் ஒரு நாளும் தாங்கள் வருத்தப்படவே இல்லை என்று விளையாட்டு நீதிமன்றத்தில் நிரூபிக்கும் தம்பதிக்கு ஒரு ஃப்ளிட்ச் பரிசு. வழக்கம் எவ்வளவு பழையது என்றால், 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாஸர் அதைக் குறிப்பிட்டிருக்கிறார். (ஜெயிக்கிற தம்பதி அந்தப் பாதிப் பன்றியை எந்தக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பார்கள் என்பதுதான் என் கவலை.)

இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் கான் என்ற ஊரில் ஹாரிஸ் குடும்பம் பேக்கன் தொழில் செய்துவந்தது. பழைய முறையில் குளிர்காலத்தில்தான் உப்பிட முடியும். கோடையில் செய்தால் கெட்டுவிடும், கெடாமல் இருக்க உப்பைக் கொட்டினால் வாயில் வைக்க முடியாது. அந்தக் குடும்பத்து ஜார்ஜ் ஹாரிஸ் அமெரிக்கா போனபோது அங்கே ஐஸ்கட்டியை வைத்து இறைச்சியைக் குளிர வைப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். 1864இல் அந்த முறைக்குக் காப்புரிமையும் வாங்கினார்கள். அப்புறம் வருடம் முழுக்க, குறைந்த உப்பில், முழுப் பக்கத்தையும் உப்புத் தண்ணீரில் போட்டு ஊறவைக்க முடிந்தது. வில்ட்ஷயர் முறை என்று இன்றும் பொட்டலங்களில் பார்க்கலாம். கவனிக்க வேண்டியது, முதுகும் வயிறும் ஒட்டியபடியே உப்பில் இறங்குகின்றன. ஊறி முடிந்த பிறகுதான் வெட்டு. முதுகை வெட்டினால் பேக் பேக்கன். தமிழில் எழுதும்போது திக்குவது போல இருக்கிறது, என்ன செய்வது. வயிற்றை வெட்டினால் ஸ்ட்ரீக்கி, அதாவது கோடு கோடாகக் கொழுப்பு ஓடுவது. இரண்டையும் சேர்த்து நீளமாக வெட்டினால் மிடில். கழுத்துப் பக்கம் காலர். பின்னந்தொடை கேமன். அந்தக் கேமனை வேகவைத்துவிட்டால் பெயர் ஹாம் ஆகிவிடும்.

டென்மார்க்குக்கும் இதில் பங்கு உண்டு. ஜெர்மனி தன் எல்லையை டேனிஷ் பன்றிகளுக்கு மூடிவிட, டென்மார்க்காரர்கள் பிரிட்டிஷ்காரர்களின் காலை உணவைக் குறிவைத்தார்கள். 1887இல் ஹோர்சென்ஸ் என்ற ஊரில் விவசாயிகளின் முதல் கூட்டுறவுப் பன்றித் தொழிற்சாலை தொடங்கியது. நீண்ட முதுகுள்ள லாண்ட்ரேஸ் இனத்தைப் பொறுக்கி வளர்த்தார்கள். முதுகு நீளமாக இருந்தால் ஒரு பன்றியில் அதிகத் துண்டுகள் கிடைக்குமல்லவா. டேனிஷ் பேக்கன் என்று பிரிட்டிஷ் கடைகளில் இன்றும் கிடைப்பது அந்த வழியில் வந்ததுதான்.

அமெரிக்காவில் வரிசை தலைகீழ். அங்கே பன்றியை முதலில் துண்டு போட்டுவிடுவார்கள். முதுகு உப்பிடாமலே சாப்ஸாகவும் ரோஸ்டாகவும் நல்ல விலைக்குப் போய்விடும். தொடை ஹாமுக்குப் போகும். மிச்சம் இருக்கும் வயிறுதான் உப்பிலும் புகையிலும் இறங்கும். எனவே பேக்கன் என்றாலே வயிறு என்றாகிவிட்டது. சட்டமும் அப்படித்தான்: வெறும் பேக்கன் என்று எழுதினால் அது வயிறாக இருக்க வேண்டும், வேறு இடம் என்றால் இடத்தின் பெயரைச் சேர்த்து எழுத வேண்டும். 1920களில் எட்வர்ட் பெர்னேஸ் என்ற விளம்பரக்காரர், பேக்கன் விற்கும் ஒரு நிறுவனத்துக்காக, கனமான காலை உணவு நல்லது என்று மருத்துவர்களையே சொல்லவைத்து அதைப் பத்திரிகைகளில் பரப்பினார். பேக்கனும் முட்டையும் அமெரிக்கக் காலை உணவாக ஊன்றிப்போனதில் அவருக்குப் பெரிய பங்கு. இட்லிக்கு இப்படி ஒருவர் கிடைக்கவில்லை. இட்லிக்கு அது தேவைப்படவும் இல்லை.

சரி, இந்த இரண்டில் எது? இதில்தான் பெரும்பாலான ஆட்களின் முடிவு இருக்கிறது, எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஸ்ட்ரீக்கியை, அதாவது அமெரிக்கப் பேக்கனை, ஆறின சட்டியில் வரிசையாக அடுக்கி, அதற்கு அப்புறம்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். தீ சின்னதாக இருக்கட்டும். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு வெள்ளைக் கோடுகள் கண்ணாடி போலத் தெளியும், ஓரங்கள் நெளியும், சட்டியில் பொன்னிறக் கொழுப்பு குளம் கட்டும். துண்டு பாதியாகச் சுருங்கி, தன் கொழுப்பிலேயே பொரிந்து, எடுத்துத் தட்டில் வைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்க வேண்டும். அமெரிக்கர்கள் எதிர்பார்ப்பது அந்த நொறுங்கலைத்தான். மீதமாகும் கொழுப்பைத் தெற்கு மாநிலங்களில் கொட்டுவதே இல்லை. அடுப்படியில் ஒரு பாத்திரத்தில் சேர்த்துவைத்து, கீரை வதக்கவும் சோள ரொட்டி சுடவும் எடுத்துக்கொள்வார்கள். நான் அதில் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் போட்டு உருளைக்கிழங்கு வறுப்பேன். புகை வாசனையும் கறிவேப்பிலையும் இவ்வளவு ஒத்துப்போகும் என்று எனக்கு யாரும் முன்னாலேயே சொல்லவில்லை.

பேக் பேக்கன் வேறு ஜாதி. அதில் பெரிய வட்டமாகச் சதை, ஒரு பக்கம் சின்ன வால் போல வயிற்றின் நுனி. அதற்குச் சட்டி சூடாக இருக்க வேண்டும், ஒரு துளி எண்ணெய் வேண்டும், நேரம் குறைவு. அப்பளம் ஆகும்வரை விட்டால் அது செருப்புத் தோல் ஆகிவிடும். ஓரக் கொழுப்பு மட்டும் முறுகி, நடுச்சதை சப்பாத்தி போல மடியும் நிலையில் எடுத்துவிட வேண்டும். வெண்ணெய் தடவிய ரொட்டிக்கு நடுவே மூன்று துண்டு வைத்துக் கடித்தால் உப்பும் சாறும் ஒன்றாக வரும். ஸ்ட்ரீக்கியை அதே ரொட்டியில் வைத்தால் முதல் கடியிலேயே பொடிப்பொடியாக மடியில் விழும். பிரிட்டனில் அந்த ரொட்டிக்கே ஊருக்கு ஒரு பெயர், அது தனிச் சண்டை. மான்செஸ்டரில் பார்ம், நாட்டிங்காமில் காப், லீட்ஸில் பிரெட்கேக். உள்ளே சிவப்பு சாஸா பழுப்பு சாஸா என்று ஆரம்பித்தால் அலுவலகத்தில் அரை நாள் வேலை ஓடாது.

என் சட்டியில் வந்த தண்ணீரும் நுரையும் என்ன என்று கேட்டால், அது ஊசிவழி ஏற்றிய உப்புத் தண்ணீர். மலிவான பேக் பேக்கனில் எடைக்காகவும் வேகத்துக்காகவும் அப்படிச் செய்வார்கள். அது வெளியே வரும்போது சதையின் புரதத்தையும் இழுத்துக்கொண்டு வந்து நுரையாக உறைகிறது. உடம்புக்குக் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் பேக்கன் பொரியாமல் அந்தத் தண்ணீரில் வேகத்தான் செய்யும். பொட்டலத்தில் உலர் உப்பு முறை என்று போட்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. கொஞ்சம் விலை கூட, ஆனால் தண்ணீருக்குக் காசு கொடுக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளலாம்.

புகை விஷயம் சுலபம். பிரிட்டனில் புகை போட்டது, போடாதது இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். போடாததைப் பழைய கசாப்புக்காரர்கள் 'பச்சை பேக்கன்' என்பார்கள். அங்கே புதியவர்கள் பச்சை நிறத்தைத் தேடிக் குழம்புவார்களாம். தமிழருக்கு அந்தக் குழப்பம் வராது, நமக்குப் பச்சை என்றால் நிறமும் உண்டு, பதப்படாததும் உண்டு. அமெரிக்காவில் கிட்டத்தட்ட எல்லாமே புகை போட்டதுதான், ஹிக்கரி மரமா ஆப்பிள் மரமா என்பதுதான் கேள்வி. அங்கே ஏமாற்றுகிற சொல் வேறு. 'உப்பிடாதது' என்ற பொருளில் ஒரு முத்திரையோடு கொஞ்சம் அதிக விலைக்கு ஒரு பேக்கன் இருக்கும். அதில் நைட்ரைட்டுக்குப் பதில் செலரிப் பொடி. செலரியில் இயற்கையாகவே நைட்ரேட் உண்டு, அது இறைச்சியில் போய் நைட்ரைட்டாக மாறி அதே வேலையைத்தான் செய்கிறது. அட்டையில் சிறிய எழுத்தில் அதை அவர்களே எழுதியும் இருப்பார்கள். அந்த அதிகப்படி விலையை நான் கொடுப்பதில்லை.

கனடாவுக்கு வருவோம். பெயர்க் குழப்பத்தில் முதல் பரிசு அதற்குத்தான்.

அமெரிக்கக் கடையில் 'கனேடியன் பேக்கன்' என்று ஒன்று இருக்கும். வட்ட வட்டமாக, கொழுப்பே இல்லாமல், முதுகின் நடுச்சதை மட்டும். உப்பிட்டு, புகை போட்டு, ஏற்கெனவே வெந்தது. சூடு காட்டினால் போதும். நேர்மையாகச் சொன்னால் அது ஹாமின் தம்பி. பாதி வெந்த முட்டையை மேலே வைத்து வெண்ணெய்ச் சாற்றை ஊற்றும் எக்ஸ் பெனடிக்டுக்கும், அன்னாசிப்பழம் போட்ட பீட்சாவுக்கும் அதுதான். அந்த அன்னாசி பீட்சாவுக்கு ஹவாய் என்று பெயர், 1962இல் முதலில் செய்தவர் கனடாவின் ஒன்டாரியோவில் கடை வைத்திருந்த சாம் பனோபுலோஸ், பிறந்த இடம் கிரீஸ். பெயரை நம்பாதே என்பதற்கு இதைவிட நல்ல தட்டு கிடையாது.

இந்தக் கனேடியன் பேக்கனைக் கனடாவில் தேடினேன். ஸ்கார்பரோவில் நண்பர் ஒருவர், சொந்த ஊர் யாழ்ப்பாணம், கூட வந்தார். நான் அலமாரியைத் துழாவுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, நீர் கேக்கிற சாமானுக்கு இஞ்ச அப்பிடி ஒரு பேர் இல்லை. அமெரிக்கன்தான் அப்பிடிச் சொல்லுறவன். இஞ்ச பேக்கன் எண்டால் அந்தக் கோடு போட்டதுதான். இதை எடும்" என்று ஒரு உருண்டையைக் கையில் கொடுத்தார். மஞ்சளாக மாவு ஒட்டிய, நீளமான, குளிர்ந்த சதைக்கட்டி. பீமீல் பேக்கன்.

பீமீல் என்றால் பட்டாணி மாவு. இங்கிலாந்திலிருந்து 1854இல் டொராண்டோவுக்கு வந்த வில்லியம் டேவிஸ், செயின்ட் லாரன்ஸ் சந்தையில் கடை போட்டு, பிறகு பெரிய அளவில் பேக்கனை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தவர். உப்பு நீரில் ஊறிய முதுகுச் சதை கெடாமல் இருக்க அதை உலர்ந்த மஞ்சள் பட்டாணி மாவில் உருட்டும் வழக்கம் அவரோடு சேர்த்துப் பேசப்படுவது. பின்னாளில் பட்டாணி மாவு போய்ச் சோள மாவு வந்துவிட்டது, பெயர் மட்டும் மாறவில்லை. டொராண்டோவுக்கு 'பன்றியூர்' என்ற பொருளில் ஒரு பட்டப்பெயர் உண்டு, அதற்கும் டேவிஸின் தொழிற்சாலைதான் காரணம் என்று சொல்வார்கள்.

பீமீலுக்குப் புகை கிடையாது, வேகவைத்ததும் இல்லை. அமெரிக்கக் கனேடியன் பேக்கன் என்று நினைத்து அப்படியே ரொட்டியில் வைத்துச் சாப்பிட்டுவிடக் கூடாது, அது பச்சை இறைச்சி. அரை விரல் கனத்துக்கு வெட்டி, சூடான கல்லில் இரண்டு பக்கமும் சுட வேண்டும். சோள மாவு ஓரத்தில் பொன்னிறமாக முறுகும், உள்ளே சதை சாறோடு இருக்கும், உப்பும் அளவாக இருக்கும். செயின்ட் லாரன்ஸ் சந்தையில் அதை உருண்டை ரொட்டிக்குள் அடுக்கிக் கடுகுச் சாஸோடு கொடுப்பார்கள். என்னைக் கேட்டால், பேக்கன் குடும்பத்திலேயே கொழுப்புக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஏற்றது இதுதான். ஆனால் ஒன்டாரியோவைத் தாண்டிவிட்டால் கிடைப்பது அபூர்வம். கிடைக்காத ஊரில் புகை போடாத பேக் பேக்கனைக் கனமாக வெட்டச் சொல்லி வாங்கலாம். கனேடியன் பேக்கன் கிடைக்கவில்லை என்றால் ஹாம், அதில் யோசிக்கவே வேண்டாம்.

ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதுகும் வயிறும் சேர்ந்த நீளத் துண்டு மிடில், வால் நீக்கிய வட்டம் மட்டும் ஷார்ட் கட். இரண்டும் எல்லாக் கடையிலும் உண்டு, ஸ்ட்ரீக்கியும் உண்டு. முடிவெடுக்க முடியாதவர்கள் மிடில் வாங்கிவிடலாம், ஒரே துண்டில் இரண்டு நாடும் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் ஏர்ஷயர் பேக்கன் என்று தோல் நீக்கிச் சுருட்டிக் கட்டியது கிடைக்கும், துண்டு வட்டமாக வரும். பார்க்க அழகு, கிடைத்தால் விடாதீர்கள்.

ஐரோப்பாவுக்குள் போனால் சொற்களே சூழ்ச்சி செய்யும். பிரெஞ்சுக்காரர் 'லார்' என்று சொல்வது உப்பிட்ட வயிற்றுப் பகுதியை. அதே எழுத்துகள் ஆங்கிலத்தில் உருக்கிய பன்றிக் கொழுப்பைக் குறிக்கும். பிரெஞ்சுக் கடையில் 'பேக்கன்' என்றே எழுதியிருந்தால் அது கொழுப்பில்லாத வட்ட முதுகு, அமெரிக்கர்களின் கனேடியன் பேக்கனுக்குச் சொந்தக்காரன். ஜெர்மனியில் ஷ்பெக் என்றால் கொழுப்புள்ள பேக்கன்; இத்தாலியின் தென் டிரோலில் அதே ஷ்பெக் என்றால் லேசாகப் புகை போட்ட தொடை. மெக்சிகோவில் தொசினோ என்றால் பேக்கன். ஸ்பெயினில் அதே சொல் வெறும் கொழுப்பு. பிலிப்பைன்ஸில் சர்க்கரையில் ஊறிய இனிப்புப் பன்றிக்கறி. கார்போனாராவுக்கு இத்தாலியர் கேட்பது குவாஞ்சாலே, பன்றியின் கன்னம். அது இல்லையென்றால் பான்செட்டா, புகை போடாத வயிறு. ஆக, அன்று லீட்ஸில் நான் வாங்கியிருக்க வேண்டியது பான்செட்டா, அல்லது புகை போடாத ஸ்ட்ரீக்கி. அமெரிக்கர் எழுதிய குறிப்பே ஒரு மாற்று வழிதான், நான் செய்தது மாற்றுக்கு மாற்று.

பன்றி சாப்பிடாதவர்களுக்கு மாட்டிறைச்சியிலும் வான்கோழியிலும் பேக்கன் வருகிறது. மாட்டுப் பேக்கன் ஸ்ட்ரீக்கியின் இடத்தில் ஓரளவு உட்காரும். வான்கோழி கொழுப்பு விடாது, எண்ணெய் ஊற்றித்தான் ஆக வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனில் பேக்கனுக்கு ரேஷன் வந்தது, 1940 ஜனவரியில் தொடங்கி 1954 வரை. அப்போது ஆட்டிறைச்சியில் 'மேக்கன்' என்று ஒன்றைச் செய்து பார்த்தார்கள், நிலைக்கவில்லை. உப்புக்கண்டம் போடத் தெரிந்த ஒரு பாட்டியைக் கேட்டிருந்தால் ஆட்டைப் பன்றியாக்காமல் ஆடாகவே விட்டிருப்பார்.

உடம்பு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எந்த ஊர்ப் பெயர் இருந்தாலும் எல்லாமே பதப்படுத்திய இறைச்சிதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. முதுகுக்கு மாறினால் கொழுப்பு குறையும், இந்த ஆபத்து அதனால் போய்விடாது. எங்கள் வீட்டில் பேக்கன் ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் எல்லா ஞாயிறும் இல்லை.

அப்படியானால் நான் எதை வாங்குகிறேன்? ரொட்டிக்கு நடுவே என்றால் உலர் உப்பு முறையில் வந்த, புகை போட்ட பேக் பேக்கன், அதில் சமரசமே இல்லை. பாஸ்தா, சூப், முட்டைக்கோஸ் பொரியல், உருளைக்கிழங்கு என எதிலாவது சேர்ப்பதற்கு ஸ்ட்ரீக்கி. அதையும் துண்டுகளாக வாங்காமல் கிடைத்தால் முழுக் கட்டியாக வாங்கி, நானே சின்னச் சின்னதாக நறுக்குவேன். மிளகு போட்டுப் பிரட்டும் எதற்கும் புகை போடாதது. புகையும் மிளகும் சேர்ந்தால் எனக்கு மிளகு தெரிவதில்லை, என் மனைவி இதை ஒத்துக்கொள்ள மாட்டாள். விருந்தாளிகள் வந்து, யாருக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாவிட்டால் மிடில். அமெரிக்காவில் இருந்துகொண்டு பிரிட்டிஷ் சாண்ட்விச் வேண்டுமென்றால் 'ஐரிஷ் பேக்கன்' என்று விற்பதைத் தேடுங்கள், அங்கே முதுகுக்கு அந்தப் பெயர்.

ஆனால் அயர்லாந்துக்கே போய்விட்டால் அதுவும் மாறிவிடும். போன மாதம் சித்தி மகள் டப்ளினில் வேலை கிடைத்துப் போனாள். சனிக்கிழமை காலை கடையிலிருந்து வந்த கையோடு என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, பேக்கன் வாங்கிட்டு வந்தேன். துண்டு துண்டா இல்ல, செங்கல் மாதிரி ஒரே கட்டியா இருக்கு. இத எப்படி மெல்லிசா சீவுறது? எங்கிட்ட நல்ல கத்தி கூட இல்ல."

"சீவாதே. அங்க துண்டு வேணும்னா ராஷர்னு கேக்கணும். வெறும் பேக்கன்னா அது வேகவைக்கிற கட்டி. பெரிய பாத்திரம் இருக்கா?"

"குக்கர் இருக்கு."

"குக்கர் வேண்டாம். பாத்திரத்துல தண்ணி ஊத்தி ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணியக் கொட்டிடு, உப்பு குறையும். அப்புறம் புதுத் தண்ணில சின்னத் தீல ஒரு மணி நேரத்துக்கு மேல கிடக்கட்டும். கடைசில அதே தண்ணில முட்டைக்கோஸ நாலா வெட்டிப் போடு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பாத்திரம் தேடுகிற ஓசை கேட்டது.

"அண்ணே, அந்தத் தண்ணில ரெண்டு பச்சமிளகா கீறிப் போட்டா தப்பா?"